பாதி ராஜா

கடிதம் போன போர் – 11

அந்தப் பெரியவர் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். சென்னையில் நடந்த ஒரு தபால்தலைக் கண்காட்சி அது. பழுப்பேறிய ஒரு கவர். அதன் மேல் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் முக்கோணமாக ஒரு துண்டுத் தாள், அதைத் தொட்டுக்கொண்டு வட்டமான கறுப்பு முத்திரை. "ஸ்டாம்பு கிழிஞ்சு போயிருக்கே சார்" என்றேன்.

"கிழியல தம்பி. வெட்டினது. வெட்டி ஒட்டுன்னு சொன்னதே போஸ்ட் ஆபீஸ்தான்."

பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். ஒரு ராணியின் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு தலையின் விளிம்பு மட்டும் தெரிந்தது, மீதியைக் கத்தரி கொண்டுபோய்விட்டது. முத்திரையில் ஊர்: கெர்ன்சி. தேதி: 1940 டிசம்பர் 27.

போன வாரம் ஏர்கிராஃப் பற்றி எழுதியிருந்தேன். 1,700 கடிதங்களைப் படமெடுத்து ஐந்து அவுன்ஸ் எடையுள்ள ஒரே ஃபிலிம் சுருளில் அடக்கி விமானத்தில் அனுப்பிய கதை. "விமானம் விழுந்துவிட்டால் கடிதம் என்னவாகும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஃபிலிம் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வரும்வரை மூலக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். விமானம் விழுந்தால் மறுபடி படமெடுத்து அனுப்புவார்கள். கெய்ரோவில் இருந்த சிப்பாய்க்கு பிரிட்டிஷ் அஞ்சல் துறை இந்த அளவுக்கு மெனக்கெட்டது. ஆனால் தன் சொந்தக் குடிமக்களில் சுமார் 65,000 பேருக்கு அதே துறையால் ஐந்து வருடம் ஒரு கார்டுகூடக் கொண்டுபோய்க் கொடுக்க முடியவில்லை. இந்த வாரக் கதை அவர்களுடையது.

சேனல் தீவுகள். வரைபடத்தில் இங்கிலாந்தின் பக்கம் தேடினால் கிடைக்காது. பிரான்ஸின் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெர்சியிலிருந்து பிரான்ஸ் கரை 14 மைல்தான். ஆனாலும் நூற்றாண்டுகளாக அவை பிரிட்டிஷ் ராஜாவின் தீவுகள். சட்டம், நீதிமன்றம் எல்லாம் தனி. அந்நாளில் தபால் மட்டும் லண்டன் தபால். ஒட்டிய தபால்தலையும் லண்டனிலிருந்து வந்ததுதான்.

1940 ஜூனில் பிரான்ஸ் சரிந்தது. இந்தத் தீவுகளைக் காப்பதில் ராணுவப் பயன் இல்லை என்று லண்டன் முடிவு செய்து படைகளை வாபஸ் வாங்கியது. வாங்கிய செய்தியை ஜெர்மனிக்குச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஜூன் 28 மாலை கெர்ன்சியின் செயின்ட் பீட்டர் போர்ட் துறைமுகத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. கப்பலேற்ற வேண்டிய தக்காளி. மேலிருந்து பார்த்த ஜெர்மன் விமானிகளுக்கு அது படை வண்டி வரிசையாகத் தெரிந்தது. ஜெர்சியிலும் குண்டு விழுந்தது. இரண்டு தீவுகளிலும் சேர்த்து 44 பேர் செத்தார்கள். ஜூன் 30-ல் கெர்ன்சியிலும் மறுநாள் ஜெர்சியிலும் ஜெர்மன் படை இறங்கியது.

அதற்குச் சில நாட்கள் முன்னால்தான், அவசர அவசரமாக, விருப்பமுள்ளவர்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கெர்ன்சியின் 42,000 பேரில் சுமார் 17,000 பேர் கிளம்பினார்கள். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் பள்ளிப் பிள்ளைகள். வாத்தியாரோடு போனார்கள், அம்மா அப்பா கரையில் நின்றார்கள். ஏதோ சில மாதங்களுக்கு என்று நினைத்து அனுப்பியதுதான். கப்பல் போன பத்து நாளுக்குள் தபால் நின்றது, தந்தி நின்றது, தொலைபேசி நின்றது. அந்த முகவரிகளுக்கு இங்கிலாந்தில் போட்ட கடிதங்கள், சேவை இல்லை என்ற முத்திரையோடு போட்டவர் வீட்டுக்கே திரும்பி வந்தன.

தீவுக்குள் மட்டும் தபால் ஓடியது. அதே போஸ்ட் ஆபீஸ், அதே சிவப்புப் பெட்டி, அதே தபால்காரர். தீவுக்குள் போகும் கடிதத்துக்கு ஒரு பென்னி. ஒட்டுவது கையிருப்பில் இருந்த ராஜா தலை. இது கொஞ்சம் விசித்திரமான காட்சிதான். தெருவில் ஜெர்மன் கொடி, தெருக்கோடித் தபால் நிலையத்தில் ஆறாம் ஜார்ஜ். புதிதாக வந்த ஆட்சி பழைய ராஜாவின் முகத்தை விற்றுக்கொண்டிருந்தது. அதைச் சகிக்காமல், ராஜாவின் முகத்தின் மேலேயே ஸ்வஸ்திகாவை அச்சடித்துவிடலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. ஜெர்சியில் அச்சடித்தும் பார்த்தார்கள். தீவின் அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள், அச்சிட்டவை அழிக்கப்பட்டன. தப்பிய ஒன்றிரண்டு இன்று சேகரிப்பாளர்களின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன.

ஆனால் கையிருப்பு என்பது தீர்ந்துபோகிற விஷயம். லண்டனிலிருந்து புதுக் கட்டு வரப்போவதில்லை. டிசம்பரில் கெர்ன்சியில் பென்னி ஸ்டாம்பு கிட்டத்தட்டக் காலி. இரண்டு பென்னி ஸ்டாம்பு மட்டும் நிறைய மிச்சம். அதைக் குறுக்காக, மூலைக்கு மூலை வெட்டி, பாதியை ஒரு பென்னியாக ஒட்டலாம் என்று 27-ம் தேதி முதல் அனுமதித்தார்கள். சில்லறை இல்லாத பஸ் கண்டக்டர், டிக்கெட்டின் பின்னால் பாக்கியைக் கிறுக்கிக் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு. 1941 பிப்ரவரி 24 வரை இது செல்லுபடியானது.

பெரியவரின் ஆல்பத்தில் நான் பார்த்தது அப்படிப்பட்ட ஒரு பாதி. அதிலும் ஒரு விசேஷம் இருந்தது. அந்த ஆரஞ்சுத் தபால்தலை சாதாரணமானது அல்ல. உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் செல்லுபடியான நாள் 1840 மே 6. அதன் நூற்றாண்டுக்காக 1940 மே 6 அன்று பிரிட்டன் ஒரு வரிசை வெளியிட்டது. விக்டோரியாவின் தலையும் கொள்ளுப்பேரன் ஆறாம் ஜார்ஜின் தலையும் பக்கத்தில் பக்கத்தில். அரை பென்னியிலிருந்து மூன்று பென்னிவரை ஆறு மதிப்புகள். இரண்டு பென்னிக்கு ஆரஞ்சு நிறம். லண்டனில் பெரிய சர்வதேசக் கண்காட்சிக்குத் திட்டமிட்டிருந்தார்கள். போர் வந்து அதைக் கெடுத்தது. செஞ்சிலுவைச் சங்க நிதிக்காகச் சிறிதாக ஒன்றை நடத்தி முடித்தார்கள். தபால்தலை வெளியான நாலாம் நாள், மே 10, ஹிட்லரின் படைகள் ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் நுழைந்தன.

நூறு வருடப் பெருமைக்காக அச்சிட்ட படம். எட்டு மாதம் முடிவதற்குள் ஒரு தீவின் தபால் கவுன்டரில் கத்தரிக்கோல் கொள்ளுப்பாட்டியையும் கொள்ளுப்பேரனையும் ஒருசேரக் கூறு போட்டது. போரைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்களைவிட அந்த முக்கோணத் துண்டு எனக்கு அதிகம் சொன்னது என்று சொன்னால், பெரியவர் மாதிரி ஆட்கள் மட்டும் நம்புவார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படிப் பாதி ஒட்டிய கவர்களில் பலவற்றுக்குள் கடிதமே கிடையாது. சேகரிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே அனுப்பிக்கொண்டவை. தீவில் இறங்கிய ஜெர்மன் சிப்பாய்களிலும் ஸ்டாம்பு பித்துப் பிடித்தவர்கள் இருந்தார்கள். சோறு தட்டுப்பாடு, விறகு தட்டுப்பாடு, ஊரடங்கு. அதற்கு நடுவிலும் முதல் நாள் முத்திரைக்காக ஆள் வந்து நின்றது. இந்தப் பொழுதுபோக்குக்கு இருக்கும் பிடிவாதத்தை வியப்பதா, நொந்துகொள்வதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் வியந்துகொள்கிறேன்.

கத்தரிக்கோலை நம்பி எவ்வளவு நாள் ஓட்டுவது? தீவுகள் தாங்களே அச்சடிக்கத் தொடங்கின. கெர்ன்சியின் ஒரு பென்னி 1941 பிப்ரவரி 18-ல் வந்தது. அச்சிட்டது உள்ளூர்ப் பத்திரிகை அச்சகம். காலையில் செய்தித்தாள் ஓட்டிய இடத்தில் தபால்தலை என்றால் லட்சணம் எப்படி இருக்கும்? விளிம்பில் துளைப்பல் கிடையாது, கிழிப்பதற்கு வாகாகச் சிறு கீறல்கள்தான். அடுத்த வருடம் நல்ல தாளுக்கும் தட்டுப்பாடு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ரூபாய் நோட்டுக்கு வைத்திருந்த நீலம் பாய்ந்த தாளில் அச்சிட்டார்கள். ரூபாய் என்று எழுதியது என் கை வழக்கம். ஃபிராங்க் என்று படித்துக்கொள்ளுங்கள்.

படம்? ராஜா முகம் கூடாது. ஸ்வஸ்திகா போட இவர்களுக்கு மனமில்லை. தீவின் முத்திரைச் சின்னம் போதும் என்று முடிவானது. கேடயத்துக்குள் மூன்று சிங்கங்கள். ஜெர்மன் தளபதியும் ஒப்புக்கொண்டார். இந்த இடத்தில் அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த மூன்று சிங்கங்கள் யாருடையவை? இங்கிலாந்து ராஜ சின்னத்தில் பாயும் அதே மூன்று சிங்கங்கள்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் முதலாம் எட்வர்டு தீவுகளுக்குக் கொடுத்த முத்திரை அது. முகத்தைத் தடுத்தவர்கள் கொடியை உள்ளே விட்டுவிட்டார்கள்.

சிங்கம் போதாதென்று வரைந்தவர்கள் இன்னும் ஒரு காரியம் செய்தார்கள். கெர்ன்சியின் தபால்தலையை வரைந்தவர் வோடின். அதன் நான்கு மூலைகளிலும் உற்றுப் பார்த்தால் பொடிப் பொடியாக ஒரு எழுத்து. ஆங்கிலத்தின் வி. வெற்றியின் வி. பிபிசியின் பெல்ஜிய ஒலிபரப்பில் அந்த எழுத்தை எதிர்ப்பின் அடையாளமாகச் சுவரில் எழுதச் சொல்லி அறிவித்தது 1941 ஜனவரி நடுவில். ஒரே மாதத்தில் அது ஜெர்மன் ஆட்சியின் அனுமதியோடு கெர்ன்சித் தபால்தலையில் ஏறி உட்கார்ந்தது. சந்தேகப் பிராணியான எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. வோடின் என்ற பெயரின் முதலெழுத்தும் ஆங்கிலத்தில் அதே வி. மாட்டியிருந்தால் மனிதர் அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம்.

ஜெர்சிக்காரரின் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. மேஜர் ரைபாட். இந்திய ராணுவத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஓய்வில் ஊர் திரும்பியவர். தீவின் கோட்டைகளையும் குலச் சின்னங்களையும் ஆராய்ந்துகொண்டிருந்த சரித்திரப் பித்தர். 1941 ஏப்ரல் 1-ல் வெளியான ஜெர்சியின் ஒரு பென்னி அவர் வரைந்தது. அதன் நான்கு மூலைகளிலும் நான்கு 'ஏ'. அலங்காரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவை ஒரு லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகள்: 'ஆட் அவெர்னும், அடோல்ஃபே அட்ராக்ஸ்'. நம் தெருவில் சொல்வதென்றால், 'நரகத்துக்குப் போடா, நாசமாப் போற அடால்ஃப்' என்று வைத்துக்கொள்ளலாம்.

அது யாருக்கும் தெரியாமல் பல மாதங்கள் ஓடின. 1942 ஜனவரியில் அரை பென்னித் தபால்தலை. மறுபடி ரைபாட். இந்த முறை மூலைகளில் இரண்டு 'ஏ', இரண்டு 'பி'. கொடுங்கோலன் அடால்ஃப், பாழாய்ப்போன பெனிட்டோ. முசோலினியை விட்டுவிட்டோமே என்று மேஜருக்கு ஓர் உறுத்தல் இருந்திருக்கும்போல. ஒரு வசவுக்குத் தொடர்ச்சி எழுதி, அதையும் எதிரியின் கையெழுத்தோடு ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்க வைத்த ஆள் சரித்திரத்தில் அதிகம் இருக்க மாட்டார்.

மூன்றாவது ஆள்தான் எனக்கு முக்கியம். எட்மண்ட் பிளாம்பீட். ஜெர்சி மண்ணில் பிறந்து ஓவியராக லண்டன்வரை பெயர் வாங்கியவர். தீவின் குதிரைகளையும் விவசாயிகளையும் வரைந்து வரைந்து கை பழகியவர். அவர் மனைவி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மன் ஆட்சி யூதர்களைப் பதிவு செய்யச் சொன்னபோது அவர் பெயரும் பதிவேட்டில் ஏறியது. இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1942-ல் சில்லறைக் காசுக்குப் பஞ்சம் வந்ததும் ஜெர்சிக்காக பிளாம்பீட் நோட்டுகள் வரைந்தார். ஆறு பென்னி நோட்டின் பின்பக்கம் 'ஆறு' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருக்கும். அந்தச் சொல்லின் கடைசி எழுத்தான எக்ஸை மட்டும் வேண்டுமென்றே பெரிதாகப் போட்டார். நோட்டைக் குறுக்கே மடித்தால் எக்ஸின் கீழ்ப்பாதி மறைந்து மேல்பாதி நிற்கும். வி. சட்டைப் பையில் மடித்து வைத்த ஒவ்வொரு நோட்டும் அப்படி.

1943-ல் தபால்தலைக்கும் அவரையே கேட்டார்கள். ஆறு படங்கள் வரைந்தார். பழைய பண்ணை வீடு, போர்ட்லெட் வளைகுடா, கோர்பியேர் கலங்கரை விளக்கம், எலிசபெத் கோட்டை, மான்ட் ஆர்கெய் கோட்டை. மூன்று பென்னியில் கடற்பாசி அள்ளும் காட்சி. கரையில் ஒதுங்கும் பாசியைக் குதிரை வண்டியில் ஏற்றி வயலுக்கு எருவாகப் போடுவது அந்தத் தீவின் பழைய வழக்கம். நம்மூரில் ஏரி வண்டல் அள்ளுகிற மாதிரி. அச்சிட்டது பாரிஸில் இருந்த அரசாங்க அச்சகம். ஆகவே அந்தத் தபால்தலைகள் பார்க்கவும் அழகு. தன்னை ஆக்கிரமித்தவன் தயவில் ஒரு தீவுக்குக் கிடைத்த மிக அழகான தபால்தலை வரிசை அதுவாகத்தான் இருக்கும்.

மூன்று பென்னியை மட்டும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கீழே '3' என்ற எண்ணுக்கு இரு பக்கமும் கொடி மாதிரி சுருள் வேலைப்பாடு. இடப்பக்கச் சுருளை விரலால் தொடர்ந்து போனால் ஜி. வலப்பக்கம் ஆர். ஜார்ஜியஸ் ரெக்ஸ், ஜார்ஜ் ராஜா. நம் வாசல் கம்பிக் கோலம் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை சட்டென்று புரியும். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாதவனுக்கு அது வெறும் வளைவு. பாரிஸில் அச்சுக்கட்டை செதுக்கியவர் அந்த வளைவுகளை மயிரிழை பிசகாமல் செதுக்கினார். ஜெர்மன் அதிகாரி ஒப்பமிட்டார். ராஜா திரும்பி வந்துவிட்டார், முழுதாக.

மாட்டியிருந்தால்? வரைந்தவருக்கு மட்டுமா ஆபத்து? வீட்டில் இருந்தவர் பெயர்தான் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்ததே.

இதையெல்லாம் வீரகாவியமாக ஊதிப் பெருக்க எனக்கு விருப்பமில்லை. அந்த எழுத்துகளால் ஒரு ஜெர்மன் சிப்பாய்கூடத் தீவை விட்டுப் போகவில்லை, ஒரு குழந்தைக்கும் ஒரு கவளம் அதிகம் கிடைக்கவில்லை. ஒட்டிய பலருக்கு ஒட்டுவது என்னவென்றே தெரியாது. 1942 செப்டம்பரில் இங்கிலாந்தில் பிறந்தவர்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து ஜெர்மனியில் பிபெராக், லாவுஃபென், வுர்ட்ஸாக் முகாம்களுக்குக் கொண்டுபோனபோது தபால்தலை ஒன்றும் செய்யவில்லை. தெருவில் ஆயுதத்தோடு எதிர்க்க வழியில்லாத ஒரு சின்னத் தீவில், ஒரு அங்குலத்துக்கும் குறைவான இடத்தில் சில பேர் தங்கள் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான். அவ்வளவு என்பது எவ்வளவு என்று வெளியே உட்கார்ந்து நாம் அளக்க முடியாது.

தபால் நிலையத்துக்குள் நடந்த இன்னொரு காரியம் இதைவிடக் கனமானது. ஆக்கிரமிப்பு என்றால் மொட்டைக் கடிதமும் உண்டு. பக்கத்து வீட்டில் ரேடியோ வைத்திருக்கிறார்கள், எதிர்வீட்டில் ஆளை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஜெர்மன் தலைமையகத்துக்கு எழுதிப் போட ஊருக்குள்ளேயே ஆள் இருந்தது. பழைய பகை, பொறாமை, எல்லை வேலித் தகராறு. அந்தக் கடிதங்களும் அதே பென்னித் தபால்தலையை ஒட்டிக்கொண்டு அதே பெட்டியில்தான் விழுந்தன. ஜெர்சியில் சார்ட்டிங் மேஜையில் இருந்த சில ஊழியர்கள் அந்த முகவரியைப் பார்த்ததும் உஷாரானார்கள். சிலவற்றை ஆவியில் காட்டிப் பிரித்துப் பார்த்தார்கள். சில தொலைந்துபோயின. சிலவற்றைத் தாமதப்படுத்தி, அதற்குள் சம்பந்தப்பட்ட வீட்டுக்குக் காதோடு காதாகச் சொல்லி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் பிடிக்க முடியவில்லை. தப்பிப்போன கடிதங்களால் முகாமுக்குப் போனவர்களும் திரும்பாதவர்களும் உண்டு. பிறர் கடிதத்தைப் பிரிப்பது தபால்காரன் செய்யக்கூடாத முதல் பாவம். என் மாமா ஒருவர் முப்பது வருடம் ரயில்வே அஞ்சல் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்தவர். இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் பிரிச்சிருப்பேன்" என்றார்.

இனி அந்த 5,000 பிள்ளைகள். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் எப்படிப் பேசிக்கொண்டார்கள்?

கடிதமாகப் பேச முடியவில்லை. ஜெனீவாவின் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு வழி வைத்திருந்தது. அச்சிட்ட ஒரு படிவம். அதில் குடும்பச் செய்தி மட்டும், 25 சொற்களுக்கு மிகாமல். ஊர்ச் செய்தி, போர்ச் செய்தி, தட்டுப்பாடு எதுவும் கூடாது. பதிலை அதே தாளின் பின்பக்கம் எழுத வேண்டும். அதற்கும் 25 சொற்கள்தான். லண்டன் தணிக்கை, லிஸ்பன், ஜெனீவா, ஜெர்மன் தணிக்கை, பிறகு தீவு என்று சுற்றி வரும். 1941 தொடக்கத்தில் இந்த ஓட்டம் சீர்ப்பட்டது. போய்ச் சேரப் பல மாதங்கள், பதில் வர அதே அளவு மாதங்கள். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் பிள்ளை ஒரு வகுப்பு தாண்டிவிடும்.

தந்திக் காலத்து ஆட்களுக்குச் சொல் எண்ணுவது புதிதல்ல. எங்கள் தெருவில் தந்திச் சேவகர் சைக்கிள் மணி கேட்டாலே பெண்கள் வாசலுக்கு வந்து வயிற்றில் கை வைத்துக்கொள்வார்கள். அதில் நாலு சொல்தான் இருக்கும், அந்த நாலு போதும். ஆனால் நடந்ததைச் சொல்வது வேறு, வளர்ப்பது வேறு. 25 சொல்லில் ஒரு பிள்ளையை எப்படி வளர்ப்பது? வெளியூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, இருமல் நின்றதா என்று கேட்டு முடிப்பதற்குள் பதினெட்டுச் சொல். இத்தனைக்கும் தமிழில் நமக்கு ஒரு சலுகை உண்டு. 'வந்துகொண்டிருக்கிறார்களாம்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஆறேழு செலவாகும். அந்தத் தாய்மார்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

அவர்கள் வேறு சலுகை கண்டுபிடித்தார்கள். மான்செஸ்டர் பக்கம் ஸ்டாக்போர்ட், பரி போன்ற ஊர்களில் தீவுக்காரர்கள் நிறையப் பேர் தங்கியிருந்தார்கள். தங்களுக்கு வந்த 25 சொற்களை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினார்கள். ஸ்டாக்போர்ட்டிலிருந்து மாதப் பத்திரிகை ஒன்றே நடத்தினார்கள். யார் வீட்டுக்கோ வந்த செய்தியில் 'பக்கத்து வீட்டில் பெண் குழந்தை' என்று நாலு சொல் இருந்தால் அது அச்சாகும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் தம்பி கிளாஸ்கோவில் அதைப் படித்துத் தான் சித்தப்பாவானதைத் தெரிந்துகொள்வார். ஒவ்வொருவருக்கும் கிடைத்தது ஒரு செங்கல், கூட்டி அடுக்கினால் ஒரு தெரு. ஈழத்தில் போர் நாட்களில் செஞ்சிலுவைச் சங்கத்தின் இதே மாதிரிப் படிவத்தில் வந்த சில வரிகளை வைத்து ஊரே செய்தி பிரித்துக்கொண்ட அனுபவம் இருக்கும் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கின. கண்ணுக்கெட்டிய தூரம். தீவுக்காரர்கள் பீரங்கிச் சத்தத்தைக் கேட்டுக் கொண்டாடினார்கள். ஆனால் படைகள் தீவுகளைத் தொடாமல் கிழக்கே போய்விட்டன. பிரான்ஸ் வழி அடைபட்டதும் வந்துகொண்டிருந்த 25 சொல்லும் தடைப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மன் சிப்பாயும் தீவுக்காரரும் ஒன்றாகவே பட்டினி கிடந்தார்கள். டிசம்பர் 27-ம் தேதி செஞ்சிலுவைச் சங்கத்தின் வேகா என்ற கப்பல் உணவுப் பொட்டலங்களோடு கெர்ன்சிக்கு வந்தது. கத்தரிக்கோல் எடுத்த நாளிலிருந்து எண்ணினால் சரியாக நாலு வருடம்.

1945 மே 9 விடுதலை. லண்டன் தபால்தலைகள் மறுபடி கவுன்டருக்கு வந்தன. ஆனாலும் தீவுத் தபால்தலைகளை உடனே ரத்து செய்யவில்லை. 1946 ஏப்ரல் 13 வரை ஒட்டலாம் என்றார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் இரண்டும் சேர்ந்து ஓடின. அந்தக் காலத்துக் கவர் ஒன்றும் பெரியவரிடம் இருந்தது. இடப்பக்கம் பிளாம்பீட்டின் கடற்பாசி வண்டி, வலப்பக்கம் ஆறாம் ஜார்ஜ். ஒளிந்திருந்த ராஜாவும் ஒளியாத ராஜாவும். அந்தக் கடற்பாசியை லண்டனும் மறக்கவில்லை. விடுதலையின் மூன்றாம் ஆண்டுக்காக 1948 மே 10-ல் பிரிட்டன் வெளியிட்ட இரண்டு தபால்தலைகளிலும் அதே பாசி அள்ளும் காட்சிதான். ஒன்று பிளாம்பீட்டின் படத்தை வைத்து உருவானது.

ஆல்பத்தை மூடப் போனவரிடம், ராஜா முகத்தின் மேல் ஸ்வஸ்திகா அச்சடித்துக் கைவிட்ட கதையை இன்னொரு முறை கேட்டேன். "இவங்க கைவிட்டாங்க. அங்க யாரும் கைவிடல" என்று சொல்லி வேறொரு ஆல்பத்தை இழுத்தார். 1942, சிங்கப்பூர். அதே ஆறாம் ஜார்ஜ். முகத்துக்கு நேர் மேலே, ரப்பர் முத்திரையால் ஓங்கிக் குத்திய சிவப்புச் சதுரம். சதுரத்துக்குள் ஜப்பானிய எழுத்து. கவரில் பெறுநர் முகவரி ஒரு ரப்பர் தோட்டத்து லயம். பெயர் தமிழ்ப் பெயர்.

அதை அடுத்த வாரம் பிரிப்போம்.

(தொடரும்)